ஆற்றுக்கும் நாள் பார்க்க வேண்டும்

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். புது வீடு குடிபுக நாள் பார்க்கிறோம். பிள்ளைக்குக் காது குத்தவும், முடியிறக்கவும், ஏன், தவணைக்கு ஒரு காடி எடுப்பதற்கும்கூடப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் நாம் பெற்ற பிள்ளைகள், "கூட்டாளிகளோட ஆத்துக்குப் போறோம்மா" என்று சொன்னால் மட்டும், "பத்திரமா போயிட்டு வாங்க" என்ற ஒரே வார்த்தையோடு அனுப்பிவிடுகிறோம். ஆற்றுக்கும் நாள் பார்க்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

ஒரு தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, என்னிடம் ஆரம்பப் பள்ளியில் படித்த ஐந்து பேர் ஒரு மாலை வேளையில் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். ஒருவன் தேயிலை ஆலையில் வேலை செய்கிறான். ஒருவன் அப்பாவோடு காய்கறித் தோட்டத்தில் நிற்கிறான். மற்றவர்கள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் படிக்கிறார்கள். விடுமுறையில் எல்லாரும் ஒன்றுகூடி, பேராக் மாநிலத்தில் கோப்பெங்கிற்குப் போய், கம்பார் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போடப் போகிறார்களாம். கூடவே ஒரு பெரியவர் வந்தால்தான் வீட்டில் விடுவார்கள். ஆகவே, "சார், நீங்களும் வாங்க" என்று அழைக்க வந்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க சார், அது புதுசா வர்றவங்களுக்கு ஏத்த ஆறு. விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றான் ஆலையில் வேலை செய்பவன்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய இரவு நினைவுக்கு வந்துவிட்டது.

நம் ஆறு நமக்குச் சொல்லிய பாடம்

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23, விடிவதற்கு முன்னான நேரம். லெம்பா பெர்த்தாம் வாசிகள் யாரும் மறக்கக்கூடிய நேரமல்ல அது. முதல் நாள் மலையில் கொட்டிய மழையால் ரிங்லெட் ஏரி நிரம்பியது. சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு சேற்றையும் மரத்தையும் சுமந்துகொண்டு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் இருட்டில் எழுந்து ஓடினார்கள். வீடுகள் போயின, வாகனங்கள் போயின, உயிர்களையும் பறிகொடுத்தோம்.

அப்போது அந்தப் பெண் இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பாவின் தோள்மீது உட்கார்ந்து வெளியே வந்தவள். சில நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது கையில் புத்தகப்பை இல்லை. "என் பை எங்கே போயிருக்கும் சார்?" என்று என்னிடம் கேட்டாள். பெர்த்தாம் நீர் கிழக்கே இறங்கி, ஜெலாய் ஆற்றோடு கலந்து, பிறகு பஹாங் ஆறாகிக் கடலுக்குப் போகிறது என்று வரைபடத்தில் காட்டிக்கொடுக்க என்னால் முடிந்தது. அவள் பையைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

அந்தப் பெண்தான் இப்போது படகில் ஏறப் போகிறேன் என்று வந்திருக்கிறாள்! ஏனம்மா என்று கேட்டேன். "தண்ணி சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது சார். எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது? ஒரு தடவை துடுப்புப் போட்டுப் பார்த்துடணும்" என்றாள். சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரி தண்ணி ஏறிக்கிட்டு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருந்துச்சா சார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், ஆற்றின் அளவைப் பார்க்கும் முறைகளை நானே சரியாகப் படித்துக்கொண்டேன். "போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை. போகலாமா வேண்டாமா என்று ஆறு சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்" என்று அவர்களிடம் கூறினேன். நம் பெரியவர்கள் பார்க்கும் பஞ்சாங்கத்திற்கு ஐந்து அங்கங்கள். நாங்கள் அமைத்துக்கொண்ட ஆற்றுப் பஞ்சாங்கத்திற்கும் ஐந்துதான்.

முதல் அங்கம்: மேல்மலை மழை

ஆற்றங்கரையில் நிற்கிறவர் தலைக்கு மேல் வானத்தைப் பார்க்கிறார். வெயில் அடித்தால் நல்ல நாள் என்று எண்ணிவிடுகிறார். இதைப்போல ஏமாற்றும் எண்ணம் வேறில்லை. ஆற்றுக்கு வரும் தண்ணீர் நம் தலைமேல் பெய்த மழையல்ல. பல மைல்களுக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை.

கம்பார் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தித்திவங்சா மலைத்தொடரின் மேற்குச் சரிவிலிருந்து இறங்குகிறது. நாம் வாழ்வதும் அதே மலைத்தொடர்தான். இங்கே மாலையில் இடி இடித்து, கூரையே பிய்ந்து போகிறாற்போல மழை கொட்டும்போது, கோப்பெங்கில் ஒரு துளி விழாமல் இருக்கலாம். ஆனால் மேற்குச் சரிவில் அதே மழை பெய்திருந்தால், அது பிறகு அங்கே படகில் இருப்பவனின் காலடிக்கு வந்துவிடும். ஆகவே மலைவாசிகளாகிய நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. கீழ்நாட்டுக்காரர் பார்க்க முடியாத மேகத்தை நாம் வீட்டு வாசலில் நின்றே பார்க்கிறோம்!

ஜே.பி.எஸ். என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசன இலாகா, நாடெங்கும் மழைமானிகளை வைத்து அளவைக் கைப்பேசியிலேயே பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. இன்ஃபோபஞ்சிர் என்பது அதன் பெயர். ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது இலேசான மழை. 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் 60 வரை கனமழை. 60ஐத் தாண்டினால் மிகக் கனமழை. போகப்போகும் ஆற்றின் மேற்பகுதியில் முதல் நாள் மாலையும் இரவும் எவ்வளவு பெய்தது என்று பாருங்கள். கனமழை என்றிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காடு அடர்ந்த மலை, மழையை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். காடு வெட்டப்பட்டு, மண் திறந்து, பிளாஸ்டிக் கூரைகள் பரவிய சரிவு அப்படியல்ல; விழுந்த மழை உடனே ஓடையில் இறங்கிவிடும், மண்ணையும் வாரிக்கொண்டு வரும். நம் பக்கத்து ஓடைகள் சிறிது மழைக்கே செம்மண் நிறமாவதன் காரணம் இதுதான்.

இரண்டாம் அங்கம்: நீர்மட்டம்

அந்த இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஆறுகளின் நீர்மட்டமும் உண்டு. இதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நீர்மட்டம் இத்தனை மீட்டர் என்று ஓர் எண் இருக்கும். அதைக் கண்டதும், "அடேயப்பா, இவ்வளவு ஆழமா!" என்று மலைத்துப்போவார்கள். அந்த எண் பொதுவாக ஆழத்தைக் குறிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையே குறிக்கிறது. ஆகவே அந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அந்த இடத்துக்கு வழக்கமான அளவு எது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டை எளிதாக்க நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். நோர்மல் என்றால் வழக்கமான அளவு. அதற்கு மேல் வஸ்பாடா, அதாவது விழிப்பு. அதற்கு மேல் அமாரான், எச்சரிக்கை. கடைசியில் பஹாயா, ஆபத்து. இவை வெள்ளத்தை மனத்தில் வைத்து, கரையில் குடியிருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டவை. படகில் போகிறவருக்காக வகுக்கப்பட்டவை அல்ல. ஆகவே 'நோர்மல்' என்று காட்டினாலும் படகுக்கு அது அதிகமாக இருக்கலாம். விழிப்பு என்ற படியைத் தொட்டுவிட்டாலோ, புதியவர்கள் ஆற்றின் பக்கமே போக வேண்டியதில்லை.

குறைந்த தண்ணீரும் நல்லதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். மழை குறைந்த காலத்தில் பாறைகள் தலை தூக்கும். படகு தட்டி நிற்கும். தள்ளிவிடலாம் என்று ஒருவர் இறங்குவார். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். ஓடும் தண்ணீரில் கால் மாட்டினால், இடுப்பளவு ஆழத்திலேகூட ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். படகிலிருந்து விழுந்தவர், ஓட்டம் அடங்கும் வரை எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து மிதந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் அங்கம்: ஏறுகிறதா, இறங்குகிறதா?

காய்ச்சல் கண்ட பிள்ளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நாம் விட்டுவிடுவதில்லை. அரை மணி கழித்து மறுபடி தொட்டுப் பார்க்கிறோம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதானே முக்கியம்? ஆறும் அப்படியே. இறங்கிக்கொண்டிருக்கும் ஆறும், அதே அளவில் ஏறிக்கொண்டிருக்கும் ஆறும் ஒன்றல்ல. ஏறும் ஆறு இன்னும் எவ்வளவு ஏறும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

இதற்குக் கைப்பேசியும் தேவையில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஒரு நேரான குச்சியை எடுத்து, ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு கோடு கீறுங்கள். கரையோரத்தில், ஓட்டம் இல்லாத இடத்தில், தண்ணீர் தொடும்படி ஊன்றுங்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி பாருங்கள். இரண்டு கோடு ஏறியிருந்தால், சாப்பாடு பாதியில் இருந்தாலும் சரி, பிள்ளைகளை மேலே கூப்பிட்டுவிடுங்கள். குச்சி இல்லையா? பாதி நனைந்த ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலத்துத் தூணில் உள்ள பாசிக் கறையும் ஓர் அளவுகோல்தான்.

நான்காம் அங்கம்: மேலே அணை உண்டா?

மழையே இல்லாமலும் ஆறு ஏறும். மேலே அணை இருந்தால் அது நடக்கும்.

நம் பெர்த்தாம் ஆறு அப்படிப்பட்டது. 1960களில் அமைந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தில், தெலோம் ஆற்றுப் பக்கத்து நீரையும் மலைக்குள் சுரங்கம் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, ரிங்லெட் ஏரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக அது பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. ஏரி நிரம்பி வழியும் நிலை வந்தால் மிச்ச நீர் போகும் வழி பெர்த்தாம் ஆறு. நமக்குக் கீழே சூசு பகுதியில் பின்னால் கட்டப்பட்ட இன்னோர் அணையும் இருக்கிறது. ஆகவே அணைக்குக் கீழே உள்ள நம் ஆறு விளையாடும் இடமல்ல. வறண்டு கிடக்கிறதே என்று மீன் பிடிக்க நடு ஆற்றில் இறங்கும் பையன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைச் சங்கு ஊதினால், என்ன ஏது என்று எட்டிப் பார்க்க ஆற்றுப் பக்கம் போகக்கூடாது. மேட்டுப் பக்கம் போக வேண்டும்.

அணைத் தண்ணீரைக் கணக்கிட்டுப் படகு விடும் ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள ஒகேனக்கல். அங்கே பரிசல் சவாரி பெயர்பெற்றது. பரிசல் என்பது மூங்கிலால் முடைந்த வட்டமான கூடைப் படகு. பார்க்கப் பெரிய முறம்போல இருக்கும். மேலே கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் என்ற அணைகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் நீரை, ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கிறார்கள். வினாடிக்கு இத்தனை கன அடி என்று அந்தக் கணக்கு பத்திரிகைகளில் வரும். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். நம் கணக்கில் ஒன்றரை மண்ணெண்ணெய் டின். வினாடிக்கு பத்தாயிரம் கன அடி என்றால், ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் எத்தனை ஆயிரம் டின் தண்ணீர் என்று எண்ணிப் பாருங்கள்!

நீர்வரத்து கூடிவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தடை வருவது வழக்கம். பரிசல் ஓட்டிகள் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு நாள் தடை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்களே அளவைக் கேட்டுப் படகைக் கவிழ்த்து வைக்கும்போது, விடுமுறைக்குப் போகிற நமக்கு என்ன அவசரம்?

நம் நாட்டிலும் இப்படி உண்டு. சிலாங்கூரில் கோலா குபு பாருவுக்கு அருகே, அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் படகு விடுகிறவர்கள், அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைப் பார்த்தே இறங்குகிறார்கள்.

ஐந்தாம் அங்கம்: கண்ணும் காதும்

கருவிகள் சொல்வது எல்லாம் ஒரு பக்கம். ஆற்றங்கரைக்குப் போனதும் நம் கண்ணும் காதும் சொல்வது இன்னொரு பக்கம்.

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்று சொல்வார்கள். மேலே பெய்த மழை ஒரே மூச்சில் சுவர்போல இறங்கி வருவது அது. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் அது உயிர்களைப் பறித்தது. 2024 மே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாட்டில் குற்றாலம் பழைய அருவியில் திடீரென்று தண்ணீர் பெருகி, குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது.

அது வருவதற்கு முன் பல சமயம் சில அறிகுறிகள் தெரியும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். மேலே லாரி வருவதுபோல ஒரு முழக்கம் கேட்கும். சில வேளை தண்ணீர் திடீரென்று குறையும். இதுதான் பலரையும் ஏமாற்றுவது. குறைகிறதே, நல்லதுதானே என்று நினைப்பார்கள். மேலே மரமும் மண்ணும் விழுந்து ஓட்டத்தை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒன்றாக வரும். இவற்றில் எது தெரிந்தாலும் பாய், பாத்திரம், செருப்பு எதையும் பொறுக்க நிற்காமல் மேடேற வேண்டும். அறிகுறி எதுவும் காட்டாமலும் அது வருவதுண்டு. அதனால்தான் முதல் நான்கு அங்கங்களும் வேண்டும் என்கிறேன்.

தண்ணீரின் பலத்தை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தண்ணீர் ஒரு டன் எடை. அதன் வேகம் இரண்டு மடங்கானால், தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்காலளவு தண்ணீர்தானே என்று வேகமாக ஓடும் ஆற்றைக் கடக்கப்போய் விழுந்தவர்கள் பலர்.

வெயிலில் நின்று கேட்ட பதில்

இனி எங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

குறித்த நாளுக்கு முதல் நாள் மாலை, எங்கள் பள்ளத்தாக்கில் நல்ல மழை. பிள்ளைகள் ஐவரும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேல்மலை மழை 'கனமழை' என்ற கட்டத்தில் நின்றது. நீர்மட்டம் 'நோர்மல்' என்றுதான் காட்டியது; ஆனால் ஏறுமுகம். "காலையில் கோப்பெங் போய் நேரில் பார்ப்போம். அங்கே வைத்து முடிவு செய்வோம்" என்று பேசிக்கொண்டோம்.

விடியுமுன் கிளம்பி, ரிங்லெட்டிலிருந்து தாப்பா மலைப்பாதையில் இறங்கி, கம்பார் பட்டணத்தைக் கடந்து, கோப்பெங் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வானத்தில் பஞ்சுபோல நாலு மேகம். பையன்கள் கைதட்டினார்கள்.

எங்களுக்குப் படகு ஓட்ட வேண்டிய இளைஞர், அந்தப் பக்கத்துக் கம்பத்துக்காரர். எங்களுக்கு முன்பே கரையில் நின்றிருந்தார். தண்ணீரைக் காட்டினார். தேநீரில் பால் ஊற்றிய நிறம். வழக்கமாகத் தலை தெரியும் ஒரு பாறை எங்கே இருக்கிறது என்று கையை நீட்டினார். அங்கே ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தது. "அந்தப் பாறை தெரிந்தால் புதியவர்களைக் கூட்டிப் போவேன். முங்கியிருந்தால் பழகியவர்களை மட்டும். இப்போது பாறையும் முங்கி, தண்ணீரும் ஏறுகிறது. இன்றைக்கு யாரையும் ஏற்ற மாட்டேன்" என்று மலாயில் சொன்னார்.

ஆலையில் வேலை செய்பவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெயில் அடிக்குது பாருங்க சார்! இவ்வளவு தூரம் வந்துட்டு, சும்மா திரும்பிப் போறதா? புதுசா வர்றவங்களுக்கு ஏத்த ஆறுன்னுதானே போட்டிருந்தாங்க?" என்று பொரிந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னாள்: "டேய், வெயில் இங்கே அடிக்குது. தண்ணி எங்கேயிருந்து வருது? நேத்து நம்ம வீட்டுக் கூரையில என்ன சத்தம் கேட்டுச்சு?"

அவன் வாயடைத்துப் போனான்.

உலகெங்கும் துடுப்புக்காரர்கள் ஆற்றின் ஓட்டத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று மிக இலேசு. ஆறு, உயிருக்கே ஆபத்து. புதியவர்களுக்கு ஒன்றும் இரண்டும் போதும். மூன்று என்றால் தேர்ந்த ஓட்டி கூட இருக்க வேண்டும். ஆனால் அந்த எண் ஆற்றின் நெற்றியில் எழுதி ஒட்டியதல்ல. தண்ணீர் ஏறினால் தரமும் ஏறும். நேற்று இரண்டாக இருந்த அதே வளைவு இன்று நான்காக மாறலாம். புதியவர்களுக்கு ஏற்ற ஆறு என்று விளம்பரத்தில் போடலாம்; உண்மையில் புதியவர்களுக்கு ஏற்ற நாள் என்றுதான் ஒன்று உண்டு.

அன்று நாங்கள் சாலையோரக் கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கட்டிய முன்பணத்தை வேறொரு நாளுக்கு மாற்றிக் கொடுத்தார் அந்த இளைஞர். அன்று இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? எனக்குத் தெரியாது. ஒன்றும் நேராமல்கூட இருந்திருக்கலாம். தடுக்கப்பட்ட விபத்து பத்திரிகையில் வருவதில்லை. அதனால் தடுத்தவனுக்கு நன்றி சொல்பவரும் இல்லை; வீண் பயம் பிடித்தவன் என்ற பெயர்தான் மிச்சம். அந்தப் பெயரைத் தாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். கூட்டமாகப் போகும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை யாரிடம் கொடுக்கிறோம் என்று முன்னதாகவே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு இருக்கக்கூடாது. அவர் ஒரு பெண்பிள்ளையாக இருந்தாலும், வயதில் இளையவராக இருந்தாலும் அப்படித்தான்.

வகுப்பில் மூன்று மீன்களின் கதை சொல்லிக்கொடுக்கிறோமே, வருமுன் காப்போன், வந்தபின் காப்போன், வந்தபின்னும் காவாதான் என்று? அந்தக் கதையில் முதல் மீன் குளத்தைவிட்டுப் போனபோது மற்ற மீன்கள் சிரித்தன என்று நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன். சிரிப்பைப் பொறுத்துக்கொண்டதால்தான் அது பிழைத்தது.

பாறை தெரிந்த நாள்

பிப்ரவரியில், மழை குறைந்த ஒரு வாரத்தில், மறுபடி போனோம். மேல்மலையில் மூன்று நாளாகப் பெரிய மழை இல்லை. நீர்மட்டம் வழக்கமான அளவு, ஏற்றமும் இல்லை. கரையில் நின்று பார்த்தால் அந்தப் பாறை, எருமை முதுகுபோல வெளியே தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிந்தது. நானே குச்சி ஊன்றி இரண்டு முறை பார்த்தேன். பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

மிதவைச் சட்டையை ஒவ்வொருவருக்கும் இறுக்கிக் கட்டினார்கள். தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, சட்டை காதுவரை ஏறினால் மறுபடி இறுக்கினார்கள். தலைக்கவசமும் உண்டு. அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்தாள். முதல் வளைவில் அவள் கை நடுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்றாவது வளைவில் அவளே, "இடது பக்கம் போடுங்க!" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் என்றுகூடப் பாராமல் என்னையும் விரட்டினாள்.

கரையேறியதும் அவள் அப்பாவுக்குக் கைப்பேசியில் பேசினாள். தோட்டத்தில் வேலைக்கு நடுவே இருந்த அவர் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது: "இல்லப்பா, நல்லா பார்த்துட்டுத்தான் இறங்கினோம்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் வாக்கு. நம் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகத்தான் போகிறார்கள். படகில் ஏறத்தான் போகிறார்கள். தடுத்து வீட்டில் உட்கார வைத்தால், நமக்குத் தெரியாமல் போவார்கள். அது இன்னும் கெடுதல். ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை ஆற்றுக்குக் கிளம்பும்போது, வாசலில் நிறுத்தி ஐந்தே கேள்விகள் கேளுங்கள்.

மேலே நேற்று எவ்வளவு மழை?

ஆற்றின் மட்டம் வழக்கமான அளவுதானா?

ஏறுகிறதா, இறங்குகிறதா?

மேலே அணை இருக்கிறதா?

கரையில் நின்று கலங்கலையும் சத்தத்தையும் பார்த்துச் சொல்லப்போவது யார்? அவர் வேண்டாம் என்றால் திரும்பி வருவீர்களா?

ஐந்துக்கும் பதில் சரியாக வந்தால், மகிழ்ச்சியாக அனுப்பி வையுங்கள். ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும், "இன்னிக்கு நாள் சரியில்லப்பா, இன்னொரு நாள் போகலாம்" என்று சொல்லிவிடுங்கள். ஆறு எங்கும் ஓடிப்போகாது. அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும். நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.